இறக்கும்போது முடிந்திருந்தது ஒன்றே ஒன்று... ஜாம்ஷெட்ஜி டாடாவின் 4 கனவுகளும் பிறகு நிறைவேறியது எப்படி?

1904-ம் ஆண்டு மே 19. ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊர். சிகிச்சைக்காக அங்கே போயிருந்த 65 வயது பம்பாய்த் தொழிலதிபர் ஒருவர் காலமானார். அவர் ஜாம்ஷெட்ஜி நுஸர்வான்ஜி டாடா.

அப்போது அவர் கையில் நான்கு பெரிய வேலைகள் இருந்தன. ஒரு இரும்பு எஃகு ஆலை, ஒரு அறிவியல் ஆய்வு நிறுவனம், ஒரு நீர்மின் திட்டம், ஒரு ஹோட்டல். இவற்றில் அவர் கண்ணால் பார்த்தது ஹோட்டலை மட்டும்தான். மற்ற மூன்றும் அறிக்கைகளாகவும் கடிதங்களாகவும் விண்ணப்பங்களாகவும் மட்டுமே இருந்தன.

பொதுவாக முதலாளி போய்விட்டால், அவர் பாதியில் விட்ட வேலைகளும் அவரோடு போய்விடும். இங்கே அப்படி நடக்கவில்லை. அடுத்த 11 ஆண்டுகளுக்குள் மூன்றுமே செயல்பாட்டுக்கு வந்துவிட்டன.

இது அதிர்ஷ்டமா? கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. இன்றைக்கு நிறுவனங்களின் உயர் அதிகாரிகளுக்குத் தனிப் பாடமாகவே நடத்தப்படும் 'புராஜெக்ட் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்' என்ற விஷயத்தை, அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே அவர் செய்துகொண்டிருந்தார்.

போர்ட்ஃபோலியோன்னா என்ன?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகளை மேற்படிப்புக்கு அனுப்ப வேண்டும். மாடியில் ஒரு போர்ஷன் கட்டினால் வாடகை வரும். கடையை விரிவாக்க வேண்டும். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். எல்லாமே தேவையான செலவுகள்தான். ஆனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்கோ ரெண்டுக்கோதான் வரும்.

மாடி போர்ஷனை நல்லபடியாகக் கட்டி முடிப்பது ஒரு திறமை. அது புராஜெக்ட் மேனேஜ்மென்ட். இந்த நாலில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதற்கு எந்தப் பணத்தை எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பது இன்னொரு திறமை. அதுதான் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்.

முதலீட்டு உலகில் இந்தச் சிந்தனைக்குக் கணித வடிவம் கொடுத்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ். அவருடைய கட்டுரை வந்தது 1952-ல். 1981-ல் ஹார்வர்ட் பேராசிரியர் வாரன் மெக்ஃபார்லன் இதையே நிறுவனங்களின் கணினித் திட்டங்களுக்குப் பொருத்திக் காட்டினார். இது எதுவும் ஜாம்ஷெட்ஜிக்குத் தெரியாது. அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பெரிய நஷ்டம்.

யார் இந்த ஜாம்ஷெட்ஜி?

1839 மார்ச் 3. குஜராத்தின் நவ்சாரியில் பார்சி குருமார் குடும்பத்தில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பூசைத் தொழில் செய்த அந்தக் குடும்பத்தில், முதன்முதலாக வியாபாரத்துக்கு வந்தவர் அவருடைய அப்பா நுஸர்வான்ஜி. பம்பாய்க்குப் போய் வியாபாரம் தொடங்கிய அவர், பிறகு மகனையும் அங்கே வரவழைத்தார். 1858-ல் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிப் படிப்பை முடித்தார் ஜாம்ஷெட்ஜி.

அடுத்த ஆண்டே ஹாங்காங் அனுப்பப்பட்டார். அங்கே குடும்பம் செய்த வியாபாரத்தில் பருத்தியும் இருந்தது, அபினும் இருந்தது. பம்பாய் வணிகர்கள் பலர் அன்றைக்கு இதைச் செய்தார்கள். சட்டப்படி அது குற்றமில்லை. ஆனால் சீன மக்கள் கொடுத்த விலை பெரிது. டாடா வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட முடியாது.

லண்டனில் விழுந்த அடி

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பருத்தி நின்றது. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்குப் பறந்தன. பம்பாயில் பணம் கொட்டியது. புதுப் புது வங்கிகள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள் என எல்லாவற்றின் பங்குகளும் எகிறின.

அந்த நேரத்தில் லண்டனில் ஓர் இந்திய வங்கி தொடங்கும் யோசனையோடு ஜாம்ஷெட்ஜி கப்பல் ஏறினார். கையில் பெரிய மதிப்புள்ள உண்டியல்கள். 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பம்பாய்ப் பங்குச்சந்தை கவிழ்ந்தது. அவர் கையில் இருந்தவை வெற்றுத்தாள் ஆகிவிட்டன.

வயது 26. வெளிநாட்டில், கடன்காரர்கள் முன்னால் நின்றார். ஓடவில்லை. நிலைமை என்ன என்பதை அப்படியே சொன்னார். அவருடைய நேர்மையைப் பார்த்த கடன்காரர்கள், கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்து, மாதம் 20 பவுண்டு சம்பளமும் போட்டார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பம்பாயில் அவருடைய அப்பா வீட்டை விற்றுக் கடனை அடைத்தார்.

குடும்பத்தின் மொத்தப் பணமும் ஒரே காற்றை நம்பி இருந்தது. பருத்தி விலை, பங்கு விலை, வங்கி எல்லாமே ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை. ஒன்று விழுந்ததும் எல்லாம் விழுந்தது. பிற்காலத்தில் அவர் எடுத்த வேலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத துறைகளில் இருந்ததை இந்த இடத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கறவை மாடு

1868-ல், 21,000 ரூபாய் முதலீட்டில் சொந்த வணிக நிறுவனம் தொடங்கினார். அதே காலத்தில் அபிசீனியாவுக்கு, அதாவது இன்றைய எத்தியோப்பியாவுக்குப் போன பிரிட்டிஷ் படைக்குச் சரக்கு கொடுக்கும் ஒப்பந்தம் ஒரு வணிகக் கூட்டுக்குக் கிடைத்தது. அதில் டாடாக்களும் இருந்தார்கள். நல்ல லாபம். குடும்பம் மறுபடி எழுந்து நின்றது.

1869-ல் பம்பாய் சின்ச்போக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கி, அதைப் பருத்தி ஆலையாக மாற்றினார். அலெக்ஸாண்ட்ரா மில் என்று பெயர் வைத்தார். ரெண்டே வருஷத்தில் லாபத்துக்கு விற்றுவிட்டார். பிறகு நேராக லங்காஷயர் போனார். ஜவுளித் தொழிலை அதன் தாய்வீட்டிலேயே போய்ப் பார்த்துப் படித்தார்.

திரும்பி வந்ததும் எல்லோரும் எதிர்பார்த்தது பம்பாயில் இன்னொரு மில். அவர் தேர்ந்தெடுத்தது நாக்பூரை. ஏன்?

சுற்றிலும் பருத்தி விளைகிறது. ரயில் வந்துவிட்டது. பக்கத்தில் வரோராவில் நிலக்கரி கிடைக்கிறது. துணியை விற்க உள்நாட்டுச் சந்தை இருக்கிறது. மூலப்பொருளை பம்பாய்க்குக் கொண்டுவந்து, நெய்து, மறுபடி உள்ளே அனுப்பும் செலவு மிச்சம். இன்றைக்கு இது சாதாரணக் கணக்காகத் தெரியும். அன்றைக்குப் பம்பாய் வட்டாரத்தில் பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

ஆலைக்காக வாங்கியது சதுப்பு நிலம். அதை மண் கொட்டி நிரப்ப வேண்டியிருந்தது. உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர், தங்கத்தை மண்ணில் போட்டு மூடுகிற ஆளுக்குக் கடன் தர முடியாது என்று மறுத்ததாகவும், பிற்காலத்தில் இவர் மண்ணைப் போட்டுத் தங்கத்தை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு.

1874-ல் 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கப்பட்டது. 1877 ஜனவரி 1-ம் தேதி ஆலை திறந்தது. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அதே நாள் என்பதால் எம்ப்ரஸ் மில் என்று பெயர்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. முதலில் வாங்கிய இயந்திரங்கள் தரம் குறைந்தவை. அவற்றை மாற்றினார். ரிங் ஸ்பின்டில் என்ற புது நூற்பு முறையை லங்காஷயரே தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், முதலில் சின்ன அளவில் போட்டுப் பார்த்து, சரிவந்ததும் பரவலாக்கினார். தொழிலாளர்கள் அடிக்கடி வேலைக்கு வராமல் போனபோது, அபராதம் போடுவதற்குப் பதிலாக 1886-ல் ஓய்வூதிய நிதி, 1895-ல் விபத்து இழப்பீடு என்று கொண்டுவந்தார்.

எம்ப்ரஸ் மில் நிலையாகப் பணம் தரும் தொழிலாக மாறியது. அடுத்து வந்த எல்லாப் பெரிய கனவுகளுக்கும் இதுதான் கறவை மாடு. ஹோட்டலோ ஆய்வு நிறுவனமோ இரும்பு ஆலையோ முதலில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வருமானம் தரும் ஒன்றை நிறுத்தி வைத்த பிறகுதான், வருமானம் தர பல வருஷம் ஆகும் வேலைகளில் அவர் கை வைத்தார்.

நல்ல ஆட்களை எங்கே அனுப்புவது?

1886-ல் பம்பாய்க்கு அருகே குர்லாவில் நொடிந்து கிடந்த தரம்சி மில்லை மலிவு விலைக்கு வாங்கினார். அதற்கு ஸ்வதேஷி மில் என்று பெயர் வைத்தார். சுதேசி இயக்கம் நாடு முழுக்க எழுந்தது 1905-ல். அதற்கு கிட்டத்தட்ட 20 ஆண்டுகளுக்கு முன்பே வைத்த பெயர் அது.

ஆனால் மில் படுமோசமான நிலையில் இருந்தது. இயந்திரங்கள் பழசு. சரக்கு தரமில்லை என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். பங்கு விலை விழுந்தது. வங்கி கடன் கொடுக்க மறுத்தது.

இந்த இடத்தில் ரெண்டு முடிவுகளை எடுத்தார். ஒன்று, எம்ப்ரஸ் மில்லில் தன்னிடம் இருந்த பங்குகளில் கொஞ்சத்தை விற்று, குடும்ப அறக்கட்டளைப் பணத்தையும் எடுத்து இதில் போட்டார். ரெண்டாவது, நாக்பூரில் இருந்த கைதேர்ந்த ஆட்களைக் குர்லாவுக்கு மாற்றினார். மெல்ல மெல்ல ஸ்வதேஷி மில் தேறியது.

பல நிறுவனங்களில் இன்றும் நடப்பது என்னவென்றால், நன்றாக ஓடும் பிரிவு தன் நல்ல ஆட்களை விட்டுக்கொடுக்காது. நோயாளிப் பிரிவுக்கு யாருக்கும் வேண்டாத ஆட்கள் போவார்கள். மொத்தத்தையும் ஒரே கண்ணால் பார்க்கிற ஒருவர் மேலே இருந்தால்தான் இந்த இடமாற்றம் நடக்கும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. கறவை மாட்டின் பாலை எடுத்து நோயாளிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் ரெண்டும் படுத்துவிடும். எப்போது நிறுத்துவது? அதற்கான பதில் அடுத்த கதையில் இருக்கிறது.

மூடிய திட்டம்: டாடா கப்பல்

பம்பாயிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் பருத்தியும் நூலும் கொண்டுபோகும் கப்பல் வழி, பிரிட்டனின் பி அண்ட் ஓ கம்பெனியின் பிடியில் இருந்தது. அவர்கள் வைத்ததுதான் கட்டணம்.

1893-ல் ஜப்பானுக்குப் போனார் ஜாம்ஷெட்ஜி. நிப்பான் யூசென் கைஷா என்ற ஜப்பானியக் கப்பல் கம்பெனியோடு கூட்டு சேர்ந்தார். டாடாவும் கப்பல் ஓட்டி ஆபத்தில் பங்கெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. சம்மதித்தார். இங்கிலாந்திலிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். டாடா லைன் ஓடத் தொடங்கியது.

(அந்த ஜப்பான் பயணத்தின் தொடர்ச்சியாக, யோகஹாமாவிலிருந்து வான்கூவர் போன கப்பலில் அவரோடு பயணித்த இன்னொருவர், சிகாகோ சர்வமத மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த விவேகானந்தர்.)

பி அண்ட் ஓ சும்மா இருக்கவில்லை. டன்னுக்கு 19 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2 ரூபாய்க்கும் கீழே இறக்கியது. டாடாவோடு நிற்பதாகச் சொன்ன வியாபாரிகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். அரசிடம் முறையிட்டுப் பார்த்தார். பலன் இல்லை.

ஒவ்வொரு பயணத்திலும் நஷ்டம். இது நாட்டுக்குத் தேவையான முயற்சி என்ற எண்ணம் அவருக்கு உறுதியாக இருந்தது. கோபமும் இருந்தது. ஆனாலும் வாடகைக் கப்பல்களைத் திருப்பி அனுப்பி, டாடா லைனை மூடிவிட்டார். ஜப்பானியக் கம்பெனி அந்த வழித்தடத்தில் தொடர்ந்து நின்றது.

இது தோல்விதான். ஆனால் இதோடு நின்ற தோல்வி. எதிரியின் பணப்பை தன்னுடையதைவிடப் பல மடங்கு பெரிது என்று தெரிந்த பிறகும் ரோஷத்துக்காக ஓட்டியிருந்தால், நாக்பூர் மில்லின் வருமானம் கடலில் போயிருக்கும். பின்னால் வந்த நான்கு கனவுகளுக்கும் பணம் மிஞ்சியிருக்காது. ஸ்வதேஷி மில்லைத் தூக்கி நிறுத்தியதையும் டாடா லைனை மூடியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். முதலாவதில் கோளாறு ஆலைக்குள் இருந்தது, சரிசெய்ய அவரால் முடியும். ரெண்டாவதில் கோளாறு வெளியே இருந்தது, அதன் சாவி அவரிடம் இல்லை.

4 கனவுகள், 4 வகைப் பணம்

1. இரும்பு எஃகு ஆலை

1882-ல் ஓர் அறிக்கை அவர் கைக்கு வந்தது. ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் நிலவியலாளர் எழுதியது. மத்திய இந்தியாவின் சாந்தா மாவட்டத்தில் நல்ல இரும்புத் தாது இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். அந்த மாவட்டம் நாக்பூருக்கு அருகில்தான். பக்கத்துச் சுரங்கத்தின் நிலக்கரியை ஜெர்மனிக்கு அனுப்பிச் சோதித்தார். இரும்பு உருக்க அது ஆகாது என்று முடிவு வந்தது. அரசின் சுரங்க உரிம விதிகளும் கடுமையாக இருந்தன.

திட்டத்தைக் கைவிடவில்லை. பணத்தையும் போடவில்லை. நிறுத்தி வைத்தார். கிடைத்த தகவல்களை மட்டும் சேர்த்துக்கொண்டே வந்தார்.

1899-ல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் சுரங்க விதிகள் தளர்ந்தன. 17 ஆண்டுகள் காத்திருந்த கோப்பு திறந்தது. லண்டனுக்குப் போய் இந்தியாவுக்கான அமைச்சர் ஹாமில்டனைச் சந்தித்தார். 1902-ல் அமெரிக்கா போனார். பிட்ஸ்பர்க் ஆலைகளைப் பார்த்தார். நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியாளரை இந்தியாவுக்காக வேலை செய்ய ஒப்புக்கொள்ள வைத்தார். தாது தேடும் ஆரம்பச் செலவு அவருடைய சொந்தப் பணம்.

ஆலைக்கு இடமே கிடைக்காத அந்தக் காலத்திலேயே, தொழிலாளர் நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று மகன் தோராப்ஜிக்கு எழுதினார். அகலமான தெருக்கள், நிழல் மரங்கள், விளையாட்டு மைதானம், பூங்கா, எல்லா மதத்துக்கும் வழிபாட்டு இடம் என்று பட்டியலே போட்டிருந்தார்.

2. அறிவியல் ஆய்வு நிறுவனம்

1892-லேயே இந்திய மாணவர்கள் வெளிநாட்டில் படிக்கக் கல்விக் கடன் கொடுக்கும் நிதியைத் தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணன் லண்டனில் படித்தது இந்த உதவியில்தான்.

அடுத்த கட்டம், இங்கேயே ஓர் ஆய்வு நிறுவனம். 1898-ல் சுமார் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பம்பாய்ச் சொத்துகளை இதற்காகத் தருவதாக அறிவித்தார். அவருடைய சொத்தில் கிட்டத்தட்ட பாதி. பர்ஜோர்ஜி பாட்ஷா என்பவரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து வர அனுப்பினார். 1898 டிசம்பர் கடைசியில், கர்சன் பம்பாயில் வந்து இறங்கியதுமே திட்டம் அவர் முன் வைக்கப்பட்டது. படிக்க மாணவர்கள் வருவார்களா, படித்தவர்களுக்கு வேலை இருக்குமா என்று கர்சன் சந்தேகப்பட்டார். கோப்பு வருஷக்கணக்கில் இழுத்தது.

எங்கே அமைப்பது என்று பார்க்க வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் ராம்சே, பெங்களூரைப் பரிந்துரைத்தார். மைசூர் சமஸ்தானம் ஆதரவு கொடுத்தது. அப்போது அங்கே திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர்.

3. நீர்மின்சாரம்

பம்பாய் ஆலைகள் நிலக்கரியில் ஓடின. நகரமே புகை. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ மழை கொட்டுகிறது. லோனாவாலா பக்கம் அந்தத் தண்ணீரைத் தேக்கி, மலையடிவாரத்துக்கு விழவைத்து மின்சாரம் எடுத்தால் என்ன? டேவிட் காஸ்லிங் என்பவர் சொன்ன யோசனையை ஜாம்ஷெட்ஜி பிடித்துக்கொண்டார். உரிமத்துக்காக அலைந்தார். மின்சாரத்தை வாங்கப்போவது யார் என்பதும் அவருக்குத் தெரியும், அவரே மில் முதலாளி.

4. தாஜ் மஹால் ஹோட்டல்

வெள்ளையர் ஹோட்டலில் அவரை உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில் கட்டினார் என்று ஒரு கதை ரொம்பப் பிரபலம். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 1896-ல் பரவிய பிளேக் நோயால் பம்பாயின் பெயர் கெட்டுக் கிடந்தது. நகரத்துக்கு மறுபடி ஆட்கள் வர வேண்டும், உலகத் தரத்தில் ஒரு விடுதி வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இதற்கான பணம் அவருடைய சொந்தப் பணம். வெளிநாடுகளில் அலைந்து சாமான்களை அவரே வாங்கினார். 1903 டிசம்பர் 16-ல் ஹோட்டல் திறந்தது. பக்கத்தில் இன்று நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியா அப்போது கிடையாது. அது கட்டி முடிந்தது 1924-ல்.

ஹோட்டல் மட்டும் முதலில் முடிந்தது ஏன்?

நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். ஹோட்டலுக்குத் தேவை நிலமும் பணமும். ரெண்டும் அவர் கையில். இரும்புக்குத் தாது, நிலக்கரி, தண்ணீர், ரயில், அரசின் உரிமம் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஆய்வு நிறுவனத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். மின்சாரத்துக்கு அரசின் உரிமமும் வேண்டும், ஆலைகளின் ஒப்பந்தமும் வேண்டும்.

அதனால் தன் கையில் இருந்ததை முடித்தார். மற்றவர் கையில் இருந்ததை விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒன்று தடைபட்டால் மற்றது நிற்காது. இரும்புக் கோப்பு தூங்கிய 17 வருஷத்தில் அவர் சும்மா உட்காரவில்லை.

அவர் போன பிறகு

1904 மே மாதம் அவர் காலமானபோது, உடன் இருந்தவர்களில் ஒருவர் உறவினர் ஆர்.டி.டாடா. பிற்காலத்து ஜே.ஆர்.டி.டாடாவின் அப்பா. ஜாம்ஷெட்ஜி இங்கிலாந்தின் புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கேதான் அவர் செய்து வைத்த இன்னொரு ஏற்பாடு வேலை செய்தது. 1887-லேயே தோராப்ஜியையும் ஆர்.டி.டாடாவையும் சேர்த்து டாடா அண்ட் சன்ஸ் தொடங்கியிருந்தார். நாக்பூர் மில்லைப் பார்க்க பெசோன்ஜி மேத்தா. ஆய்வு நிறுவனத்துக்கு பாட்ஷா. இரும்புக்கு தோராப்ஜி, கூடவே பெரின். ஒவ்வொரு கோப்புக்கும் அதை முழுசாகத் தெரிந்த ஓர் ஆள் இருந்தார்.

இரும்புத் தேடல் தொடர்ந்தது. சாந்தா பகுதி சரிவரவில்லை, விட்டார்கள். துர்க் பகுதியில் தாது இருந்தது, ஆலைக்கு வேண்டிய மற்ற வசதிகள் பக்கத்தில் இல்லை. இதற்கிடையே பி.என்.போஸ் என்ற நிலவியலாளர் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் தாது இருப்பதாகக் கடிதம் எழுதியிருந்தார். அதைப் பின்தொடர்ந்து போய், கடைசியில் சாக்சி என்ற கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவர்ணரேகா, கர்காய் ஆறுகள் கூடும் இடம்.

லண்டனில் முதலீடு கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1907-ல் பம்பாயில் இந்தியர்களிடமே பங்கு விற்றார்கள். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 பேர் பணம் கட்டினார்கள். 1912 பிப்ரவரி 16-ல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. டாடாக்கள் எஃகுத் தண்டவாளம் செய்தால் அதை முழுவதும் தின்று காட்டுவதாக ரயில்வே உயர் அதிகாரி ஒருவர் கேலி பேசியதாகச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போனது அந்தத் தண்டவாளம்.

பெங்களூரில் மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் கொடுத்தது. 1909-ல் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு அரசாணை வந்தது. 1911-ல் மாணவர்கள் சேர்ந்தார்கள். 1933-ல் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர், திருச்சியில் பிறந்த சி.வி.ராமன்.

மின்சாரக் கம்பெனி 1910-ல் தொடங்கியது. 1915-ல் கோப்போலி மின்நிலையத்திலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் வந்தது.

இதெல்லாம் வெறும் வெற்றிக் கதைதானா?

இல்லை. சாக்சி வெறும் காடாக இருக்கவில்லை. ஹோ, சந்தாலி உள்ளிட்ட பழங்குடி மக்கள் வாழ்ந்த பகுதி அது. ஆலையும் நகரமும் வந்ததில் அவர்களுடைய வாழ்க்கை மாறிப்போனது.

பணமும் எப்போதும் கைகொடுக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு விரிவாக்கத்தில் இறங்கிய எஃகு ஆலை, 1924-ல் சம்பளம் கொடுக்கவே தடுமாறியது. தோராப்ஜி தன் சொந்தச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து 1 கோடி ரூபாய் கடன் வாங்கித்தான் அதைக் காப்பாற்றினார். அந்த முடிவு பலிக்காமல் போயிருந்தால், இன்று இதே குடும்பத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பெங்களூரில் ஜாம்ஷெட்ஜி தொடங்கிய பட்டுப் பண்ணையும் குடும்பத்தின் கையில் நிலைக்கவில்லை. எல்லா விதையும் முளைக்காது. எல்லாமே முளைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல் விதைத்ததுதான் விஷயம்.

இன்றைய மேலாளருக்கு இதில் என்ன இருக்கிறது?

ஒரே நேரத்தில் பத்து புராஜெக்ட்டை மேய்க்கும் அதிகாரியோ, ரெண்டு கடையை நடத்தும் வியாபாரியோ, இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஐந்து கேள்விகள் இவை.

* மாதாமாதம் பணம் தரும் வேலை எது? அது நிலைக்கும் முன்பே நீண்டகாலத் திட்டத்தில் கை வைக்கிறோமா?

* எல்லாத் திட்டங்களும் ஒரே காரணத்தால் ஒரே நாளில் விழக்கூடியவையா? 1865-ல் ஜாம்ஷெட்ஜிக்கு நடந்தது அதுதான்.

* ஒரு திட்டம் நின்றுவிட்டால், தடை நம் கையில் இருக்கிறதா, அடுத்தவர் கையில் இருக்கிறதா? நம் கையில் என்றால் ஸ்வதேஷி மில். அடுத்தவர் கையில், அதுவும் நம்மைவிடப் பெரியவர் கையில் என்றால் டாடா லைன்.

* தள்ளிப்போடும் திட்டத்தின் கோப்பு யாரிடம் இருக்கிறது? நேரம் வரும்போது எடுக்க முடியுமா?

* நாளை காலை நாம் வரவில்லை என்றால், ஒவ்வொரு வேலையையும் தொடர்ந்து செய்ய ஆள் இருக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலான நிறுவனங்களில் பதில் இருக்காது. ஜாம்ஷெட்ஜியின் மூன்று கனவுகளும் பிழைத்தது இதற்குப் பதில் இருந்ததால்தான்.

1919-ல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு சாக்சிக்கு வந்து, அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் ஒருமுறைகூட அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. ஆலைக்கான இடம் அதுதான் என்று முடிவானபோது, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.